மாத்திரைக்கு வலி எங்கே என்று தெரியாது

தலைவலிக்கு விழுங்கியது தலைக்குப் போகிறது, மூட்டுவலிக்கு விழுங்கியது மூட்டுக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி வழி தெரிந்து போகும் மாத்திரை எதுவும் கிடையாது. ரத்தத்தில் கலந்த மருந்து, ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் போகும். ஓய்வாக இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. பெரியவர் ஒருவர் உடலில் மொத்தமுள்ள ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கலந்த ஓரிரு நிமிடங்களில் கால் கட்டைவிரல் முதல் கண் வரை அது தொட்டுவிடும்.

மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக்கையே பார்ப்போம். காக்ஸ் என்ற நொதியை அடைத்து, புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதை அது குறைக்கிறது. வீங்கிய மூட்டில் வலியைக் கூட்டுவது புரோஸ்டாகிளாண்டின். இரைப்பையில் அமிலம் சுவரை அரிக்காதபடி சளிப்படலத்தைப் பேணுவதும் அதேதான். உடலில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுவே. மருந்து இந்த மூன்று இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. முழங்காலில் செய்ததைப் பலன் என்கிறோம், வயிற்றில் செய்ததைப் பக்கவிளைவு என்கிறோம்.

இது புரிந்துவிட்டால், "ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிறு புண்ணாகாது" என்ற நம்பிக்கை ஏன் தவறு என்பதும் புரியும். இடுப்பில் போட்ட ஊசி மருந்தும் ரத்தம் வழியாக இரைப்பைச் சுவருக்கு வந்துதான் தீரும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் போன்ற மாத்திரையும், கால் வீக்கத்துக்கு நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுகிற ஒரு முதியவர், வயிற்றுப்போக்கு வந்து தளர்ந்திருக்கும் நாளில் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால், சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தம் மூன்று வழியிலும் குறைகிறது. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் சில நாட்களில் ஏறிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரியான மருந்துகளே.

எல்லா இடத்துக்கும் போகிற மருந்து எல்லா இடத்திலும் ஏன் வேலை செய்வதில்லை? 1905-ல் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி இதற்கு விடை தேடினார். கோழியின் தசையில் நிகோட்டினைச் செலுத்தினார், தசை சுருங்கியது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அது நசிந்துபோன பிறகும் சுருங்கியது. க்யூராரே நஞ்சைக் கொடுத்ததும் நிகோட்டினுக்குத் தசை மசியவில்லை. ஆனால் நேரடியாக மின்சாரம் பாய்ச்சினால் அப்போதும் சுருங்கியது. தசை செத்துவிடவில்லை, நரம்பும் காரணமில்லை. அப்படியானால் தசையிலேயே இந்த இரண்டு பொருட்களும் போட்டிபோட்டுப் பற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இன்று அதை ஏற்பி என்கிறோம். பெரும்பாலும் அது செல்லின் சவ்வில் பதிந்த ஒரு புரதம். மார்ஃபின் போலச் சில மருந்துகள் ஏற்பியில் உட்கார்ந்து அதை இயக்கும். நாலோக்ஸோன் போலச் சில, உட்கார்ந்து சும்மா இடத்தை அடைத்துக்கொள்ளும். மார்ஃபின் அளவு மீறி மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்கு நாலோக்ஸோன் ஊசி போட்டால் ஓரிரு நிமிடத்தில் மூச்சு வருவது இந்த இடப்போட்டியால்தான். ஆனால் நாலோக்ஸோன் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். மார்ஃபின் இனத்தைச் சேர்ந்த மெத்தடோன் போன்றவை ஒரு நாளுக்கு மேலும் தங்கும். கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி மயங்குவார்.

ஏற்பிகள் பல இடங்களில் இருப்பதால், மருந்தை எந்த வழியாகக் கொடுக்கிறோம் என்பதே முக்கியமான முடிவாகிறது. ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் இதற்குத் தெளிவான உதாரணம். இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு அழுத்தினால் 200. அதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராம், அதாவது 20 மடங்கு. மூச்சுக்குழாய்க்கு நேரே போகும் துளி போதும் என்ற இடத்தில், உடல் முழுக்க நிரப்பி மூச்சுக்குழாய்க்கும் கொஞ்சம் கிடைக்கச் செய்கிறோம். கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அந்த உபரி செய்யும் வேலை. "இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த ஒரு கணக்கை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்லவேண்டும்.

விழுங்கிய மருந்துக்கு இன்னொரு தடையும் உண்டு. சிறுகுடலில் உறிஞ்சப்பட்டது நேராக இதயத்துக்குப் போகாது. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கேயே கணிசமான பங்கு சிதைந்துவிடும். ஊசியாகப் போடும் 10 மி.கி மார்ஃபினுக்கு ஈடாக வாய்வழியாகச் சுமார் 30 மி.கி தரவேண்டியிருப்பது இதனால். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் 5 மி.கி ஐசோசார்பைட் டைநைட்ரேட் கல்லீரலைத் தவிர்த்து, வாயின் ரத்தக்குழாய்கள் வழியாகவே கலக்கிறது. பதற்றத்தில் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டால் அது மெதுவாகவும் குறைவாகவும்தான் வரும். உட்கார்ந்துகொண்டே வைக்கவேண்டும், நின்றால் அழுத்தம் சரிந்து விழ நேரும். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழைக்கவேண்டும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரம் ஆகாதவருக்கு இதைத் தரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கும். வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் என்பதால் மருத்துவமனையில் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

மாத்திரையின் மேல்பூச்சும் அழகுக்காக இல்லை. காஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோபிரசோல் அமிலம் பட்டால் கெட்டுவிடும். பூச்சு அதை இரைப்பையைத் தாண்டிக் குடல்வரை காப்பாற்றிக் கொண்டுபோகிறது. அது ரத்தத்தில் கலந்து திரும்பி வந்து, அப்போது அமிலம் சுரந்துகொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அடைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என்று சொல்வதன் காரணம் இதுதான். சாப்பிட்டு முடித்து நெஞ்செரிச்சல் வந்தபின் போட்டால் பாதி வீண். அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர், எக்ஸ்.எல், இ.ஆர், ரிடார்ட் என்று இருந்தால், ஒரு நாளைக்கு மெல்லக் கசிய வேண்டிய மருந்து அதற்குள் இருக்கிறது. மூக்குக் குழாய் வழியாக உணவு தரும் நோயாளிக்கு அதைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தால் முழு நாளின் அளவும் ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். நிஃபெடிபின் ரிடார்டைப் பொடித்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும்.

மூளைக்குத் தனிக் காவல் உண்டு. உடலின் பல இடங்களில் தந்துகிக் குழாய்களின் செல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மூளையில் அந்த இடைவெளிகள் இறுக மூடப்பட்டிருக்கின்றன. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் செல்லைக் கடந்து உள்ளே போகும். நீரில் கரைபவை வெளியிலேயே நிற்கும். தப்பித் தவறி நுழைபவற்றையும் பிடித்து வெளியே தள்ளும் பம்புகள் அந்தச் செல்களில் இருக்கின்றன. வயிற்றுப்போக்குக்குத் தரும் லோப்பரமைடு மார்ஃபின் ஒட்டும் அதே ஏற்பியில் ஒட்டுவது. வழக்கமான அளவில் இந்தப் பம்புகள் அதை விரட்டிவிடுவதால் குடலோடு அதன் வேலை முடிகிறது. தும்மலுக்குத் தரும் அவில் மூளைக்குள் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் ஏற்பிகளையும் அடைத்துவிடும், தூக்கம் வரும். ஃபெக்ஸோஃபெனாடின் அடைப்பதும் அதே வகை ஏற்பியைத்தான், ஆனால் அது மூளைக்குள் போவது மிகக் குறைவு. லாரி ஓட்டுநருக்கு எதைத் தருவது என்பதில் யோசிக்க எதுவுமில்லை.

இந்தக் காவலில் சில வாசல்கள் திறந்தே இருக்கின்றன. மூளைத்தண்டின் பின்பக்கம் வாந்தியைத் தூண்டும் ஒரு சிறு பகுதிக்குத் தடுப்பு கிடையாது. ரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை என்பதால் அப்படித்தான் இருக்கமுடியும். அங்கே டோபமின் என்ற நரம்புச் சேதிப்பொருளுக்கான டி2 வகை ஏற்பிகள் உள்ளன. டோம்பெரிடோன் அவற்றை அடைத்து வாந்தியை நிறுத்துகிறது. மூளையின் மற்ற பகுதிகளுக்கு அது ஏறக்குறையப் போவதே இல்லை. மெட்டோகுளோப்ரமைடும் டி2-வைத்தான் அடைக்கிறது, ஆனால் காவலைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே டோபமின் உடலசைவைச் சீராக்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இளவயதினர் சிலருக்கு, வாந்திக்கு இந்த ஊசி போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண்கள் மேலே செருகிக்கொள்ளும், தாடை இறுகும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று பதறுவார்கள். நோயாளிக்கு நினைவு முழுதாக இருக்கும். ப்ரொமெதாசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகும். காரணம் தெரியாமல் வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்திவிடுவதுதான் பெரிய கேடு. டோம்பெரிடோனும் அப்பழுக்கற்றது என்று சொல்லமுடியாது. பிட்யூட்டரி சுரப்பியும் காவலுக்கு வெளியே இருப்பதால், அங்குள்ள டி2 அடைபட்டுப் புரோலாக்டின் ஏறும். பிள்ளை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியலாம். இதயத் துடிப்பின் தாளத்தையும் அது கெடுக்கக்கூடும் என்பதால் பெரியவர்களுக்கு நாளுக்கு 30 மி.கி-க்கு மேல் போகக்கூடாது.

டோபமினைப் பற்றி நாம் அறிந்ததில் இந்திய மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. அழுத்தம் குறைந்தது, கூடவே சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். நரம்புமுனைகளில் சேமிக்கப்பட்ட டோபமின், செரட்டோனின், நார்அட்ரினலின் எல்லாவற்றையும் அது காலிசெய்துவிடுவதே காரணம். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-ல் ரிசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு, உடலில் டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை அங்கிருந்து கிளைத்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டோபமின் குறைவுதான் பார்க்கின்சன் என்றால் டோபமினையே கொடுத்துவிடலாமே? அது காவலைத் தாண்டாது. அமினோ அமிலங்களை உள்ளே ஏற்றிச்செல்லும் ஒரு கடத்தி இருக்கிறது. லெவோடோபா அதில் ஏறிக்கொள்ளும், உள்ளே போனபின் டோபமினாக மாறும். ஆனால் வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும் டோபமினாக மாறிவிட்டால் வாந்திதான் மிச்சம். தனியாகக் கொடுத்தால் 100-ல் 1 முதல் 3 பங்குதான் மூளையை எட்டும். ஆகவே அந்த மாற்றத்தைத் தடுக்கும் கார்பிடோபாவைச் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். கார்பிடோபாவால் மூளைக்குள் நுழையமுடியாது, அதனால் உள்ளே நடக்கும் மாற்றம் தடைபடுவதில்லை. காவலின் குணத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்திய வேறொரு மாத்திரை எனக்குத் தெரியாது.

வீட்டில் இதைத் தருபவர்கள் கவனிக்கவேண்டியது சாப்பாடு. முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே கடத்தியில்தான் ஏறவேண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ மாத்திரை தரவேண்டும். பகலில் நடை முடங்குகிறது என்றால் புரதத்தில் பெரும்பங்கை இரவுக்குத் தள்ளிப் பார்க்கலாம். குமட்டலுக்கு டோம்பெரிடோன் தரலாம். மெட்டோகுளோப்ரமைடு தரவே கூடாது. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலிப் பொடியை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது அதே மருந்தை அளவு தெரியாமல் கூட்டுவதுதான். மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது. இதைவிட அடிக்கடி நடப்பது ஒன்று: தலைச்சுற்றலுக்குப் பத்து நாளைக்கு எழுதித் தந்த சின்னரிசின் அல்லது புரோகுளோர்பெரசினை முதியவர்கள் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரண்டும் மூளையின் டி2-வை அடைப்பவை. நடை சுருங்கி, கை நடுங்கி, முகம் உணர்ச்சியற்றுப்போய் வரும் ஒருவருக்குப் பார்க்கின்சன் மாத்திரை எழுதுமுன் பழைய மருந்துச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தால் பலருக்கு அதை நிறுத்தினாலே போதும் என்று தெரியவரும். முழுக்கத் தெளிய மாதங்கள் ஆகலாம்.

அளவு கூடக்கூடப் பலன் கூடும் என்பதும் ஓர் எல்லைவரைதான் உண்மை. மனச்சிதைவுக்கான ஹாலோபெரிடாலும் டி2-வை அடைப்பதே. ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரிகிறது. 80 சதவீதத்தை நெருங்கினால் உடல் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன என்று பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. அதற்கு மேல் ஏற்றும் மில்லிகிராம் எல்லாம் நோயாளியைக் கல்லாக்கத்தான் உதவும்.

இனி நேரக்கணக்கு. ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். ஐந்து அரை ஆயுளில் 97 சதவீதம் போய்விடும். தொடர்ந்து சாப்பிட்டால் அளவு ஏறி நிலைபெறவும் அதே ஐந்து மடங்கு காலம் வேண்டும். பாராசிட்டமாலுக்கு 2 முதல் 3 மணி. அதனால்தான் காய்ச்சல் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி. நிலைபெற ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "பிரஷர் இறங்கவில்லை" என்று மாத்திரையை மாற்றுவது அவசரம். தைராய்டு மாத்திரைக்கு ஏறக்குறைய 7 நாள்; அளவை மாற்றியபின் 6 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்க்கவேண்டும். அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி கழித்துக் காபி குடிக்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி இடைவெளி வேண்டும். அவை குடலிலேயே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சில மருந்துகள் போனபின்னும் அவை செய்த வேலை நிற்கும். ஆஸ்பிரின் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவின் நொதியை அது நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதி செய்துகொள்ள வழியில்லை; அது சாகும்வரை, 7 முதல் 10 நாள், முடங்கியே இருக்கும். அதனால்தான் 75 மி.கி, நாளுக்கு ஒன்று போதும். பல் பிடுங்கவேண்டும் என்று இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக அதை நிறுத்துவது மிக ஆபத்தானது.

அரை ஆயுள் கணக்கு பொய்க்கும் மருந்துகளும் உண்டு. சிதைக்கும் நொதிகள் முழுதும் வேலையில் இருக்கும்போது, மேற்கொண்டு வருவது தேங்கத்தான் செய்யும். வலிப்புக்கான ஃபெனிட்டாயினை 300-லிருந்து 400 மி.கி ஆக்கினால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று எதிர்பார்ப்போம். இரண்டு மடங்குக்கு மேலும் ஏறிவிடலாம். கண்மணி ஆடுவதும், நடை தள்ளாடுவதும் முதல் அறிகுறி. பாராசிட்டமாலில் நடப்பது வேறு வகை. அதில் சிறு பங்கு நச்சுப்பொருளாக மாறும், கல்லீரலின் குளுட்டாதயோன் அதை அடக்கிவிடும். பெரியவருக்கு நாளுக்கு 4 கிராம்வரை இது நடக்கும், 650 மி.கி மாத்திரை என்றால் ஆறு. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் சேர்ந்திருப்பதைப் பார்க்காமல் கூட்டிக்கொண்டே போனால் குளுட்டாதயோன் தீர்ந்து செல்கள் சாகத் தொடங்கும். இதில் கொடுமை, முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் மஞ்சள் காமாலை தெரியும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்றுமருந்து 8 மணி நேரத்துக்குள் ஏறினால் கல்லீரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கக்கூடாது.

கடைசியாக, மருந்துக்கு உடல் சொல்லும் பதில். ஏற்பியை ஓயாமல் தூண்டினால் உடல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். ஓயாமல் அடைத்தால் கூட்டிக்கொள்ளும். மூக்கடைப்புக்கான சைலோமெட்டாசோலின் சொட்டுமருந்து ஒரு வாரத்தைத் தாண்டினால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்குவது இதனால். அட்ரினலின் ஏற்பிகளை அடைக்கும் அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்தும் இதய நோயாளிக்கு நெஞ்சுவலி வருவதும் இதனால். ஓரிரு வாரத்தில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். மனச்சோர்வுக்கான எஸிடலோபிராம் செரட்டோனின் கடத்தியை அன்றே அடைத்துவிடுகிறது. ஆனால் மனம் தெளிய 2 முதல் 4 வாரம் ஆகிறது, மூளை தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் காலம் அது. குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். கெடுதல் முன்னாலும் நன்மை பின்னாலும் வரும் இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைக் கைவிடுகிறார்கள். எழுதிக் கொடுக்கும்போதே இதைச் சொல்லாத மருத்துவர் பாதி சிகிச்சைதான் செய்திருக்கிறார்.

சாராயத்தில் இந்தப் பதில் மூர்க்கமாக வரும். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதக் கணக்கில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரவு 10 மணிக்குக் குடித்தவரின் ரத்தத்தில் விடிகாலையிலும் அது இருக்கும், மோரோ கட்டங்காபியோ அதை விரைவுபடுத்தாது. மூளையில் நரம்புகளை அடக்கும் சேதிப்பொருள் காபா, தூண்டுவது குளுட்டமேட். சாராயம் காபா ஏற்பியின் அடக்கும் வேலையைக் கூட்டி, குளுட்டமேட்டின் தூண்டும் வேலையைக் குறைக்கிறது. தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு எதிராக அடக்குதலைத் தளர்த்தி, தூண்டுதலை ஏற்றி வைத்துக்கொள்ளும். விரதத்துக்கு மாலை போட்டோ, கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ திடீரென்று நிறுத்தினால், சாராயம் போய்விடும், ஏற்றி வைத்த தூண்டுதல் அப்படியே நிற்கும். 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை. 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை பிதற்றல், இல்லாததைக் காண்பது, காய்ச்சல். கவனிக்காவிட்டால் உயிர் போகும். தினமும் குடிப்பவர் நிறுத்த முடிவெடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அறுவை சிகிச்சைக்கு வந்தவர் வீட்டார் எதிரில் குடியை மறைத்தால், அவரைத் தனியாக மறுபடி கேட்கவேண்டும்.

சிகிச்சைக்கு டையசிபாம் தருகிறார்கள். அதுவும் காபா ஏற்பியிலேயே வேலை செய்வதால், விட்டுப்போன அடக்குதலை ஈடுகட்டும். அதன் அரை ஆயுள் ஒன்றிரண்டு நாள், அது சிதைந்து உண்டாகும் பொருளுக்கு இன்னும் அதிகம். அதனால் ரத்தத்தில் தானாகவே மெல்ல இறங்கும். கல்லீரல் கெட்டவருக்கு அதே காரணத்தால் தேங்கிவிடும் என்பதால் லோராசிபாமுக்கு மாறுவார்கள். அதைக் கழிக்கும் வழி கெட்ட கல்லீரலிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டில் எதுவானாலும் ஒரு வாரம், பத்து நாளில் குறைத்து நிறுத்திவிடவேண்டும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடவேண்டும். நெடுநாள் குடித்தவரிடம் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினையும் குளுக்கோஸ் செலவழித்துவிட்டால், கண் அசைவும் நடையும் நினைவும் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.